மாசிலாமணி அழைக்கிறார்

கண்ணாடிப் பலகையின் மேல் மூன்று போன்கள் கிடந்தன. மூன்றும் அயோக்கியப் பயல்கள் என்பதில் தணிகாசலத்துக்குச் சந்தேகமில்லை. எவன் கொஞ்சம் குறைந்த அயோக்கியன் என்பதுதான் பிடிபடவில்லை. எடுத்து வைத்த பர்வீன், "பாத்துட்டே இருங்க சார், இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, சார்ஜர் கேட்டு வந்த கல்லூரிக் கும்பலின் பக்கம் போய்விட்டாள். கடை அவளுடையதுதான். உள்ளே மரத் தடுப்புக்குப் பின்னால் குனிந்து ஒரு செட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவன் அவள் தம்பி. ரிச்சி தெருவின் எல்லாக் கடைகளையும் போல இதுவும் ஒரு ஆள் இரண்டு கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடும் அகலம். தலைக்கு மேல் ஒயர்கள், பக்கத்தில் யாரோ ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்கும் அலறல், வெளியே நகர வழியில்லாமல் ஹாரன் அடிக்கும் ஆட்டோ. தணிகாசலம் ஸ்டூலில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பழைய பட்டன் போன் நெஞ்சை அழுத்தியது. இதை வாங்காதே, அதைக் குடிக்காதே, இந்தத் துணியைத் தொடாதே என்று வாழ்நாள் முழுக்க ஊருக்கு எழுதிக் கொடுத்த கைக்கு ஒரு பொருளை வாங்கத் தெரியவில்லை. இதுவும் ஒரு தண்டனைதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கூட்ட மேடைக்குப் பக்கத்தில் தரையில் பரப்பி விற்ற சிறு நூல்களில். கூலி என்றால் என்ன, லாபம் என்றால் என்ன, அரசு என்றால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நூல் இருந்தது. போன் என்றால் என்ன என்பதற்கு யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இப்போது ஒரு கடைக்காரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

தனக்காக வந்திருந்தால் எழுந்து போயிருப்பார். சுகிர்தாவுக்காக வந்திருந்தார். சுகிர்தா நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு போன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், விருதுநகர் பக்கத்துப் பெண். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவளும் அவளைப் போல் சில பெண்களும் சங்கம் கட்ட வேண்டும் என்று அவரைத் தேடி வந்தார்கள். வரும் திங்கட்கிழமை பதிவுக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். மனு உள்ளே போய் முத்திரை விழுந்துவிட்டால் கை வைக்க நிர்வாகம் கொஞ்சம் யோசிக்கும்; அதுவரைக்கும் ஒரே ஒரு பெயர் வெளியே தெரிந்தாலும் போதும், அடுத்த நாள் காலையில் அந்தப் பெண் பெட்டியோடு பஸ் நிலையத்தில் நிற்பாள். முன்பு அப்படி ஒருத்தி நின்றாள். ஹாஸ்டலில் எல்லோருடைய போனிலும் வருகைப் பதிவு ஆப் என்று ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அது ஆள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று எல்லாவற்றையும் கேட்குமாம், கொடுக்காவிட்டால் சாப்பாட்டு டோக்கன் வராதாம். அதனால் சுகிர்தா இரண்டாவதாக ஒரு போனும் சிம்மும் வாங்கி, வார்டன் கை வைக்காத ஒரே இடமான நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். போன முறை பார்த்தபோது தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "தப்பா நினைக்காதீங்க தோழர். உங்க பட்டன் போனுதான் எங்களுக்குப் பயமா இருக்கு." இவருக்குச் சுருக்கென்றது. "இதுல என்ன பயம்? இன்டர்நெட்டே கிடையாது. எவனும் உள்ள நுழைய முடியாது." "உள்ள நுழைய வேண்டாம் தோழர். யார் யாருக்குப் பேசுனாங்க, எம்புட்டு நேரம் பேசுனாங்கன்னு போன் கம்பெனியில எல்லாம் இருக்கும். அனுப்புற மெசேஜைக்கூடப் படிச்சிரலாம். பூட்டுப் போட்ட ஆப் ஒண்ணு இருக்கு, நாங்க எல்லாம் அதுலதான் பேசிக்கிறோம். அதுக்கு டச் போன் வேணும். நல்லதா ஒண்ணு பாத்து வாங்குங்க." நல்லதா ஒண்ணு. கத்தரிக்காய் வாங்கச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். இத்தனை வருடம் அந்தப் பட்டன் போனை மேடையில் உயர்த்திக் காட்டி, இதைத்தான் எவனாலும் வேவு பார்க்க முடியாது என்று பேசி, கைதட்டல் வாங்கியிருக்கிறார். கைதட்டியவர்களுக்கும் தெரிந்திருக்காது. அல்லது தெரிந்தும் தட்டினார்களோ என்னவோ. அப்படியும் தட்டுவார்கள்.

விஷயத்தைக் கமிட்டியில் வைத்தார். எதையும் கமிட்டியில் வைத்துத்தான் பழக்கம், சங்க அலுவலகத்துக்குப் பக்கெட் வாங்குவது உட்பட. பெண்களைப் பற்றிச் சொல்லவில்லை, சங்க வேலைக்கு டச் போன் தேவைப்படுகிறது என்று மட்டும் வைத்தார். ஏகாம்பரம் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். "சீனா போன் வாங்குங்க தோழர். நான் அதான் வெச்சிருக்கேன். என்ன இருந்தாலும் நம்ம ஆளுங்க பண்றது. வேவு பார்த்தாதான் என்ன, நம்மளப் பார்த்துட்டு அவங்களுக்கு அழுகைதான் வரும்." எத்திராஜ் விடவில்லை. "நம்ம ஆளுங்களா? அங்க முதலாளி திரும்பி வந்து உக்காந்து எவ்வளவு காலம் ஆச்சு, நீங்க இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கீங்க." "நீங்க முழிச்சிருந்து என்ன கிழிச்சீங்க? ரஷ்யாவைக் காப்பாத்துனீங்களா?" அறுபத்து நான்கில் கட்சி உடைந்தபோது இவர்கள் இருவரும் அரை டிராயர் போட்டிருந்தார்கள். ஆனாலும் அந்தச் சண்டை அவர்களுக்குள் அப்பழுக்கில்லாமல் இருந்தது. டீ வந்தது, தீர்ந்தது, மறுபடி வந்தது. கடைசியில், தோழர் தணிகாசலம் உரிய ஆய்வுக்குப் பின் பொருத்தமான கருவியைத் தேர்வு செய்வார் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அவருடைய மகள் வாலென்டினா பெங்களூரிலிருந்து பேசியபோது, "எதுக்குப்பா அலையறே, என் பழைய போனை அனுப்பறேன், நல்லாத்தான் இருக்கு" என்றாள். விண்வெளிக்குப் போன பெண்ணின் பெயரை வைத்து வளர்த்த மகள், மனிதர்கள் எந்த விளம்பரத்தில் எத்தனை நொடி கண்ணை நிறுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனியில் இருக்கிறாள். வேண்டாம் என்றார். "ஏன், நான் வேவு பார்ப்பேனா?" என்று சிரித்தாள். நீ பார்க்க மாட்டாய் அம்மா, உனக்குச் சம்பளம் கொடுக்கிறவன் பார்ப்பான் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் அவளுக்குக் கேட்டிருக்கும். பிறகு ஒரு வாரமாக அவள் கூப்பிடவில்லை.

பர்வீன் திரும்பி வந்தாள். "முடிவு பண்ணிட்டீங்களா?" இல்லை என்றார். "பேட்டரியைக் கழட்ட முடியுமா இதுல?" "இப்ப எதுலயும் முடியாது சார். எல்லாம் சீல் போட்டு வருது." "அப்போ அணைச்சு வெச்சாலும் உள்ள முழிச்சிருக்குமா?" அவள் இவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். "சார், ரிட்டயர்டு போலீஸா?" "அதுக்கு நேர் எதிரு." சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். முதலாவது விலை மலிவு, திரை பெரியது, ஆபரேஷன் செய்த கண்ணுக்கு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வாங்கும்போதே ஒரு கூட்டம் ஆப் உள்ளே குடியிருக்கும், கழற்ற முடியாது, எந்நேரமும் விளம்பரம் வரும். இரண்டாவது பணக்காரர் வைத்துக்கொள்வது. உங்கள் அந்தரங்கம் எங்களிடம் பத்திரம் என்று பெட்டியிலேயே மினுமினுக்கும் எழுத்தில் போட்டிருந்தார்கள். ரகசியமும் வசதி உள்ளவனுக்குத்தான், இல்லாதவன் வீட்டுக்குக் கதவு எதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போல. தணிகாசலம் எங்கோ படித்ததை நினைத்துக்கொண்டு, "யாரையும் வதைக்காம, நியாயமா கூலி குடுத்து செய்யற போன்னு ஒண்ணு வெளிநாட்டுல வருதாமே?" என்று கேட்டார். "நியாயமான போனா? அது ரேஷன் கடையில குடுத்தாதான் உண்டு சார். இங்க வர்றதில்ல. வந்தாலும் ரிப்பேர் ஆனா ஸ்பேர் யார் குடுப்பா?" பேட்டரிக்குள் இருக்கும் ஏதோ ஒரு தாதுவை ஆப்பிரிக்காவில் குழிக்குள் இறங்கித் தோண்டுகிற பிள்ளைகளைப் பற்றி ஒரு முறை துண்டறிக்கை போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் இந்த மூன்றிலும் இருக்கிறார்கள், பையில் இருக்கும் பட்டன் போனிலும் இருக்கிறார்கள். எதைத் தொட்டாலும் யாராவது ஒருவரின் கை தட்டுப்படுகிறது. கையே தட்டுப்படாத பொருள் வேண்டும் என்றால் ஆற்றங்கரையில் கூழாங்கல் பொறுக்கத்தான் போக வேண்டும், அதிலும் இப்போது குவாரிக்காரன் நிற்கிறான்.

மூன்றாவது பழைய செட். பர்வீனின் தம்பி அதற்குள் கம்பெனி வைத்திருந்ததையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டு வேறு ஒரு சாஃப்ட்வேரை ஏற்றித் தருவானாம். "வக்கீலுங்க, பத்திரிகைக்காரங்க கேட்டு வாங்குவாங்க சார். கணக்கு ஆரம்பின்னு நச்சரிக்காது. எந்த ஆப் எதைக் கேட்டாலும் உங்களைக் கேட்டுத்தான் குடுக்கும். என்ன, பணம் அனுப்பற ஆப் ஒண்ணு ரெண்டு மக்கர் பண்ணும்." அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். முதுகில் பொடி எழுத்தில் கம்பெனியின் பெயர். சுகிர்தாவின் தொழிற்சாலையில் பாகம் சேர்த்துப் பூட்டுகிற போன். அந்தக் கம்பெனியின் லைனில் பெண்கள் மயங்கி விழுந்தபோது இந்தப் போனைத் தொடாதே என்று தலைப்புப் போட்டு அவர்தான் எழுதினார், அவர்தான் சொந்தக் கையால் கேட்டில் நின்று கொடுத்தார். சுகிர்தா அப்போதுதான் முதல் முதலாக வந்தாள், துண்டறிக்கையை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு. பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தார். "தொடாதேன்னு எழுதாதீங்க தோழர். ஆர்டர் குறைஞ்சா மொதல்ல எங்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவாக. நாங்க செய்யறது நல்ல போன் தோழர். எங்களை நல்லா வெச்சுக்கச் சொல்லி எழுதுங்க." எல்லாம் தெரிந்த மாதிரி பதில் சொல்லி அனுப்பினார். பாட்டாளி வர்க்கத்தின் நீண்டகால நலன் என்று ஏதோ. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். பழையதாக வாங்கினால் கம்பெனிக்குப் புதிதாக ஒன்றும் போகாது, தொடாதே என்று சொன்னதையும் முழுக்க மீறியதாகாது என்று மனம் இப்போது ஒரு சமாதானம் தேடியது. பெரிய ஆள்தான். தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் தானே சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறான்.

"எதுன்னாலும் சொல்லுங்க சார், பழைய போன்ல இருக்கற நம்பரையெல்லாம் இதுக்கு ஏத்திக் குடுத்துடறேன்" என்று பர்வீன் கையை நீட்டினாள். தணிகாசலத்தின் கை தானாகவே சட்டைப் பையைப் பொத்தியது. அந்த நம்பர்களை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். தலைமறைவாக இருந்த காலத்தில் படித்த பாடம், ஆளின் சொந்தப் பெயரை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. மற்றவர்கள் பால்காரர், கேஸ் என்று போட்டுக்கொள்வார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. சங்க அலுவலக வாசலில் தியாகிகள் கல் இருக்கிறது. அதிலிருந்து பெயர்களை எடுத்தார். சங்கம் கட்ட வந்த பெண்களில் பாக்கியவதிக்கு ருக்மாங்கதன். செல்லக்கிளிக்குக் காதர் மொய்தீன். சுகிர்தாவுக்கு மாசிலாமணி, மில் கேட்டில் தடியடியில் விழுந்தவன், கல்லில் முதல் பெயர். போலீஸ்காரன் போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் கிழவன் கூட்டாளிகள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பான். அப்படித்தான் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். ஆனால் முதல் முறை அந்தச் சின்னத் திரையில் மாசிலாமணி அழைக்கிறார் என்று வந்தபோது அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுகிர்தா பிறகு கோபித்துக்கொண்டாள், எடுக்க மாட்டீங்களா தோழர் என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தாமதமாகத்தான் எடுப்பார். அந்த ஒரு நொடி அவருடையது. அதைப் பற்றிக் கமிட்டியில் வைத்ததில்லை.

"பயப்படாதீங்க சார், நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்" என்றாள் பர்வீன். "நீங்க இதுக்கே பயந்தா, பேர் காட்டற ஆப் பார்த்தா என்ன சொல்வீங்க? உங்க நம்பரைச் சொல்லுங்க, ஒரு வேடிக்கை காட்டறேன்." சொன்னார். தன் போனில் தட்டி அவர் பக்கம் திருப்பினாள். அவர் நம்பருக்கு நேராக, யூனியன் தொல்லை என்று இருந்தது. "யாரு போட்டது இது?" "யாரோ அவங்க போன்ல உங்களை இப்படி சேவ் பண்ணியிருக்காங்க. அவங்க இந்த ஆப்பைப் போட்டதும் அவங்ககிட்ட இருக்கற பேர் நம்பரையெல்லாம் அது வாரிக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம் நீங்க யாருக்கு அடிச்சாலும் அவங்க போன்ல இந்த ஆப் இருந்தா இந்தப் பேருதான் வரும். எனக்கு என்ன பேர் தெரியுமா? பர்வீன் கறார்." அவள் சிரித்தாள். தணிகாசலமும் சிரிக்கப் பார்த்தார். யூனியன் தொல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்து ஆளாக இருக்கலாம். பெருமைதான், தொல்லையாக இருக்கத்தானே வாழ்ந்தது. ஆனால் இந்தப் பக்கத்து ஆளே ஒருவனாக இருந்தால்? எத்திராஜா? அந்த எண்ணத்தில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு கிடந்தார், முள்ளில் வேட்டி மாட்டியதுபோல. அதை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அடுத்தது வந்தது.  ஏகாம்பரம். தணிகாசலம் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் தோழர் என்று இவருடைய போனை வாங்கி எல்லா நம்பரையும் தன் சீனா போனில் ஏற்றிக்கொண்டார் ஏகாம்பரம். இருந்தபடியே, அதே பெயர்களில்.

அப்படியானால் சுகிர்தா அந்த ரகசியப் போனிலிருந்து யாருக்காவது பேசினால், அந்த ஆளின் திரையில் மாசிலாமணி என்று வரும். பாக்கியவதி பேசினால் ருக்மாங்கதன். ஒவ்வொரு வருடமும் நினைவு நாளுக்கு அந்தப் பெயர்களைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்து அதே தொழிற்சாலையின் எதிர்ச் சுவரில் ஒட்டுகிறவர் அவர். கம்பெனி அதிகாரி ஒருவன் காரில் போகும்போது பார்த்திருந்தால் போதும். மாசிலாமணி என்ற பெயர் அவன் போனில் வந்தால் போதும். எங்கேயோ பார்த்த பெயராக இருக்கிறதே என்று ஒரு விநாடி யோசித்தால் போதும். பால்காரர் என்று போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். எந்த மடையனாவது மறைக்க வேண்டிய ஆளுக்குச் சங்கத்துக் கல்லிலிருந்து பெயர் எடுத்து வைப்பானா? இந்தக் கூட்டத்தில் பிறந்த மடையனால்தான் முடியும். சுகிர்தாவின் நம்பரைப் பர்வீனிடம் சொல்லி என்ன பெயர் வருகிறது என்று பார்க்கச் சொல்லலாமா? "தேடிப் பார்த்தா யாருக்காவது தெரிஞ்சுடுமா அம்மா?" "தேடறதையும் அது குறிச்சு வெச்சுக்கும் சார். யார் தேடினாங்கன்னு காட்டுறதும் உண்டு." அப்படியென்றால் பார்ப்பதே காட்டிக்கொடுப்பது. பார்க்காவிட்டால் தெரியாது. தெரியாவிட்டால் திங்கட்கிழமை வரை மூச்சு விட முடியாது. ஒருவேளை ஏகாம்பரம் அந்த ஆப்பைப் போட்டிருக்க மாட்டார். காலை வணக்கத்துக்குத் தினமும் ரோஜாப்பூ அனுப்புகிற மனிதர், ராசிபலனைக்கூட ரகசியமாகப் பார்க்கிறவர், போட்டிருக்க மாட்டாரா? போட்டிருப்பார். போட்டிருக்காமலும் இருக்கலாம். செக்கு மாடுபோல மனம் இதையே சுற்றியது. பட்டன் போனை எடுத்து ஏகாம்பரத்துக்கு அடித்தார். "தோழர், கூப்பிடறவங்க பேரைக் காட்டற ஆப் ஒண்ணு இருக்காமே, நீங்க வெச்சிருக்கீங்களா?" "வெச்சிருக்கேனே. நல்ல ஆப் தோழர், லோன் வேணுமான்னு கேக்கறவனெல்லாம் முன்னாடியே தெரிஞ்சுடுவான். உங்களுக்கும் போட்டுத் தரவா?" "ஆபரேஷன் அப்போ என் நம்பரையெல்லாம் ஏத்திக்கிட்டீங்களே." "எல்லாம் பத்திரமா இருக்கு தோழர்," என்றார் ஏகாம்பரம், குழந்தைக்குத் தைரியம் சொல்வதுபோல. "ஒண்ணுகூட விடல."

தணிகாசலம் மூன்றாவது போனை முன்னால் நகர்த்தினார். "இதைக் குடுங்க. பழைய நம்பர் ஒண்ணும் ஏத்த வேணாம். சிம்மை மட்டும் மாத்துங்க." "நம்பரே இல்லாம என்ன சார் பண்ணுவீங்க?" "மனசுல இருக்கு." "அப்ப நீங்கதான் சார் நல்ல போனு" என்று சொல்லிவிட்டு அவள் தடுப்புக்குப் பின்னால் கொடுத்தாள். தம்பி அதில் ஏதோ செய்து கொடுத்ததும், பூட்டுப் போட்ட ஆப்பை அவளே ஏற்றினாள். அந்த ஆப் வந்ததும் வராததுமாக நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்டது. "பாருங்க, எல்லாமே கேக்கும். இதுல என்ன வசதின்னா, இல்லைன்னு சண்டை போட வேணாம். காலிப் பையை நீட்டிடலாம். அது கையை விட்டுத் துழாவிட்டு ஒண்ணுமில்லன்னு போயிடும்." தணிகாசலத்துக்கு அது பிடித்திருந்தது. கஸ்டடியில் இருந்தபோது அவரும் அதைத்தான் செய்தார். "சார் என்ன வேலை பார்த்தீங்க?" "மத்தவங்க வேலையைப் பார்த்தேன்." காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படியில் ஆள் நடமாட்டம் இல்லை. புதுப் போனின் கண்ணாடி கைவியர்வையில் வழுக்கியது. அதன் முதுகில் இருந்த கேமராவைக் கட்டை விரலால் ஒரு முறை துடைத்தார். இதில் தூசி இருக்கிறதா என்று யாராவது ஒருத்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்திருப்பாள். நாற்பது வருடத்தில் ஒரு தொழிலாளியிடம் போய் நான் தப்புச் செய்துவிட்டேன் என்று சொன்னதில்லை. நிலைமையை மதிப்பிட்டதில் குறைபாடு என்று அறிக்கையில் எழுதுவார்கள், அதையும் அடுத்த மாநாட்டில்தான் எழுதுவார்கள். அழைக்காமல் இருந்துவிடலாமா என்ற எண்ணம் ஒன்று வந்து எதிரில் நின்றது. திங்கட்கிழமைக்கு இடையில் இருப்பது நான்கே நாள், ஒன்றும் ஆகாது. ஆகிவிட்டால் அவள் பஸ் நிலையத்தில் பெட்டியோடு நிற்பாள், இவர் அடுத்த துண்டறிக்கை எழுதுவார். அதில் அவளுடைய பெயர் சிவப்பில் இருக்கும். பூட்டுப் போட்ட ஆப்பைத் திறந்து நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

"யாரு?" என்றாள் சுகிர்தா. அவளுக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். பின்னால் காற்றில் துணி படபடப்பது கேட்டது. "நான்தான், தணிகாசலம்." "தோழர். வாங்கிட்டீங்களா? மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கேன், ஆளு இல்ல, பேசுங்க." "ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னார், பெயர் வைத்தது, ஏகாம்பரம் ஏற்றியது, பேர் காட்டும் ஆப் வாரிக்கொண்டு போனது.  "அந்த நம்பரை இன்னைக்கே தூக்கிப் போட்டுடுங்க" என்று முடித்தார்.  எதிர்ப்பக்கம் அவள் சிரிப்பை அடக்கும் சத்தம். "அப்ப மாசிலாமணி உங்க வேலையா? நானும் ஒரு வாரமா மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன் தோழர். போன வாரம் என் போன்ல சார்ஜ் இல்ல. லேட்டா வருவேன்னு சொல்ல வார்டனுக்குத் தெரியாத்தனமா இந்தப் போன்ல இருந்து அடிச்சிட்டேன். வார்டன் போன்ல மாசிலாமணின்னு வந்திருக்கு. போனதும் பிடிச்சுக்கிருச்சு, யாருடி அவன், எவன் போனை வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்தறேன்னு. எனக்கு ஒண்ணுமே விளங்கல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்க மாமா, எனக்குப் பேசி வெச்சிருக்காக, அவர் போனைத்தான் வாங்கிட்டுப் போனேன்னேன்." "நம்பினாங்களா?" "நம்பாம? எந்த ஊரு, எத்தனை பவுனு கேக்காகன்னு உக்கார வெச்சு ஒரே விசாரணை. ஹெச்.ஆர். மேடம் வரைக்கும் போயிருச்சு. எப்பம்மா கல்யாணம்னு அவுகளும் கேட்டாக."

தணிகாசலம் படியில் உட்கார்ந்தார். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டார். "அவங்களுக்கு அந்தப் பேரை எங்கயாவது பார்த்த மாதிரி இருக்கலையா? கேட்டுக்கு எதிர்ல நம்ம சுவரொட்டி இருக்கே. நினைவு நாள் சுவரொட்டி. வருஷா வருஷம் ஒட்டறோமே." "எது, அந்தச் சிவப்பு எழுத்துலயா?" அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "அதை யாரு தோழர் படிக்கா?" வெயில் படியின் பாதிவரை ஏறியிருந்தது. தெருவில் யாரோ அட்டைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். பசை காய்ச்சி, ஏணி கட்டி, போலீஸுக்கு முன்னால் ஒட்டி, மழையில் கிழிந்ததை மறுபடி ஒட்டி, எத்தனை நினைவு நாள். ஒருவரும் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்தப் பெண்களுக்கு வேலை போயிருக்கும். யாருக்கும் தெரியாமல் ஒரு பெயரை ஒளித்து வைக்க இந்த நாட்டில் இதைவிடப் பத்திரமான இடம் இல்லை, சுவரில் ஆள் உயரத்துக்கு அச்சடித்து வைப்பது. சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். "தோழர், இருக்கீங்களா? நம்பரைத் தூக்கிப் போட வேணாம். கட்டிக்கப் போறவன் நம்பர் திடீர்னு செத்துப்போனா அதுக்குத்தான் சந்தேகம் வரும். திங்கக்கிழமை வரைக்கும் மாசிலாமணியை வெச்சே ஓட்டிருவோம். ஆனா வார்டன் தினமும் ஒண்ணு கேக்குது. நான் ஒரு நாள் உயரம்பேன், மறுநா குட்டைம்பேன், மாட்டிக்கிருவேன். ஆமா, அவரு நெசமான ஆளா? எப்படி இருப்பாரு? ஒண்ணு ரெண்டு சொல்லுங்க."

வாயில் முதலில் வந்தது கல்லில் இருக்கும் வாசகம். அதை விழுங்கினார். அதற்குக் கீழே துழாவினார், ஒன்றும் அகப்படவில்லை. எத்தனையோ கூட்டங்களில் அவனைப் பற்றிப் பேசியிருக்கிறார். பேசிப் பேசி அவன் முகத்தை வழித்துத் துடைத்துவிட்டிருந்தார், நெற்றியில் ரத்தம் மட்டும்தான் மிச்சம். அது வார்டனுக்கு உதவாது. "கருப்பு" என்றார். "ம்." "உயரம்னு சொல்ல முடியாது. ஒரு காது லேசா மடங்கியிருக்கும்." "எந்தக் காது?" கண்ணை மூடிக்கொண்டார். அவன் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து டீ குடித்தான். "வலது. சிரிச்சா ஈறு தெரியும்னு கையை வெச்சு மறைச்சுக்குவான். மீன் குழம்புன்னா மறுநாள் பழசையும் விட மாட்டான். கூட்டத்துல பேசச் சொன்னா கக்கூஸுக்குப் போறேன்னு ஓடிடுவான்." சுகிர்தா ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள், வலது காது, ஈறு, மீன் குழம்பு. "வயசு?" இந்த ஆனி வந்தால் அவனுக்கு எழுபது ஆகியிருக்கும். "இருபத்தி ஆறு" என்றார் தணிகாசலம். "எனக்கு ஒண்ணு மூத்தவரு" என்றாள் அவள். "பொருத்தந்தான். வேற?" வேற என்றதும் அவர் முதுகில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது, மேட்டில் மிதிக்கும்போது வேட்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கை. "சைக்கிள் ஓட்டத் தெரியாது" என்றார். "என் வண்டியிலதான் பின்னாடி உக்காந்து வருவான்."